துவைத்தால் போகும் அழுக்கும் போகாத அழுக்கும்

மாசி 20 நெருங்கும்போது களக்காட்டுப் பக்கத்தில் அய்யாவழி வீடுகளில் ஒரு சின்னப் பை தயாராகும். மாற்று வேட்டி ஒன்று, அருள்நூல், திருநாமம் வைத்த பொட்டலம், தண்ணீர் குடிக்க ஒரு குவளை, இரண்டு துவர்த்து. முந்தின நாளே புறப்பட்டு ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாகர்கோவில் போய்ச் சேருவோம். மறுநாள் விடியற்காலையில் நாகராஜா திடலில் இருந்து சுவாமிதோப்புக்கு நடை. அய்யாவின் அவதார தின ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கு அந்தக் காலை வெயிலும் தெரியும், அந்தப் பையில் எது உதவும் எது சுமை என்பதும் தெரியும்.

அந்தப் பையில் கிடக்கும் துவர்த்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். துணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அய்யாவழியில் தலைப்பாகை இல்லாமல் ஆண்கள் பணிவிடைக்கு நிற்பதில்லை. அந்தத் தலைப்பாகை பெரும்பாலும் தோளில் கிடக்கும் ஒரு துவர்த்துதான். ஆகவே அதை எப்படி வாங்குகிறோம், எதற்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்க மறுக்கிறோம் என்பதெல்லாம் நம் தர்மத்தைத் தொடும் கேள்விகள்தாம்.

துண்டு என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். நம் பக்கத்தில் துவர்த்து. மலையாளக் கரையில் தோர்த்து. ஈரத்தைத் துவர்த்துவதால் அந்தப் பெயர். அதிலும் ஈரிழைத் துவர்த்துக்குத் தனி மரியாதை உண்டு. இரண்டு இழை நூலைச் சேர்த்துப் பாவும் ஊடையுமாக நெய்வது ஈரிழை. இழைக்கு நடுவில் காற்று புகும் இடைவெளி இருக்கும். அதனால் தண்ணீரைச் சட்டென்று குடிக்கும், வெயிலில் விரித்தால் சட்டென்று விட்டுவிடும். கடையில் தடிமனாக விற்கிற பூத்துவாலை அப்படி இல்லை. அதன் மேலே நிற்கும் நூல் வளையங்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் கொடிக்கயிறு இருப்பவருக்கு அது சரி. நடந்து போகிறவருக்குச் சரிவராது. ஈரத்தோடு பையில் மடித்து வைத்தால் மறுநாள் நாற்றம் எடுக்கும். ஈரிழைத் துவர்த்து கால் கிலோ கூட வராது. மடித்தால் ஒரு கைக்குள் அடங்கும்.

இந்த அறிவு நமக்கு மட்டும் உரியது அல்ல. வங்காளத்திலும் ஒடிசாவிலும் உழைக்கிற மனிதனின் தோளில் கம்சா கிடக்கிறது. அசாமில் கமோசா என்று சொல்லி விருந்தினருக்குப் போர்த்தி மரியாதை செய்கிறார்கள். கம்போடியாவில் கிராமா. ஜப்பானில் தெனுகுய் என்ற மெல்லிய பருத்தித் துண்டின் ஓரத்தை மடித்துத் தைப்பதே இல்லை. தையல் மடிப்பில் ஈரம் தங்கக் கூடாது என்பதற்காக. அதையே தலையிலும் கட்டிக்கொள்கிறார்கள். வெயிலில் உழைக்கிற மக்கள் எங்கே இருந்தாலும், முகம் துடைக்கவும் தலையில் கட்டவும் சோறு பொதியவும் ஒரே துணியை வைத்திருக்கிறார்கள். ஒரே துணி பல வேலை செய்வதில்தான் அதன் அருமை இருக்கிறது.

என் கேள்வியும் அங்கேதான் பிறந்தது. பல வேலை செய்கிற அதே துணி அய்யாவின் சன்னிதியில் தலைப்பாகையாகலாமா? அல்லது சன்னிதிக்கு என்று ஒன்றைத் தனியே, எதுவும் படாமல் வைத்துக்கொள்வதுதான் பக்தியா?

பல வருடம் நான் இரண்டாவதைத்தான் சரி என்று நினைத்திருந்தேன். இரண்டு துவர்த்தில் ஒன்று வழிக்கு, ஒன்று பதிக்கு. பதிக்கு உரியதைச் சலவை செய்து, மடித்து, பையின் அடியில் வைத்திருப்பேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

ஒரு வருடம் ஊர்வலத்தில் சுசீந்திரம் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். என்னோடு என் தங்கச்சி மகன் வந்தான். பதினேழு வயது. வழி ஓரத்தில் ஒரு புளியமரத்தின் அடியில் ஒரு பெரியவர் கிடந்தார். ஊர்வலத்தில் வந்தவர் போலத் தெரியவில்லை. நெற்றியில் நாமம் இல்லை. வாந்தி எடுத்து, அதிலேயே முகம் கிடந்தது. யார், எந்த ஊர், குடித்திருக்கிறாரா, மயக்கமா என்று ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றேன்.

பையன்தான் முதலில் குனிந்து அவர் தலையைத் தூக்கினான். "மாமா, பையில ஒரு துவர்த்து கெடக்குல்லா, அத எடுங்க" என்றான்.

எனக்கு வாயில் வந்த வார்த்தை இதுதான்: "அது பதிக்குள்ள கெட்டுறதுக்கு வச்சிருக்கு, மக்கா."

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. தன் தலையில் கட்டியிருந்ததை அவிழ்த்தான். பக்கத்தில் நீர்மோர்ப் பந்தலில் குடத்துத் தண்ணீர் வாங்கி நனைத்தான். பெரியவரின் வாயைத் துடைத்தான், கழுத்தைத் துடைத்தான், மடித்து நெற்றியில் போட்டான். கொஞ்ச நேரத்தில் அவர் கண் விழித்தார். மோர் கொடுத்தார்கள். அவர் ஊர்க்காரர் ஒருவர் அடையாளம் கண்டு வந்து கூட்டிக்கொண்டு போனார்.

பையன் குழாயடியில் துவர்த்தைக் கசக்கி அலசினான். இரண்டு முறை பிழிந்து உதறினான். ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நான் சும்மா இருக்காமல், "இனி இத எப்பிடிலே தலையில கெட்டுவ?" என்று கேட்டேன்.

"தொவைச்சா போயிரும்லா மாமா" என்றான்.

வழுக்கம்பாறை வருவதற்குள் அது காய்ந்துவிட்டது. மாசி வெயிலும் ஈரிழையும் சேர்ந்தால் அவ்வளவு நேரம்தான். சுவாமிதோப்பில் அவன் அதையே தலையில் கட்டிக்கொண்டு நின்றான். நான் பையின் அடியில் இருந்து எடுத்த என் சலவைத் துவர்த்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். நம் பள்ளியறையில் சிலை இல்லை, நிலைக்கண்ணாடிதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் இரண்டு தலைப்பாகையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. எது அழுக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் சொன்ன ஒரு வார்த்தையை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். துவைத்தால் போய்விடும். அது சின்னப் பையன் அலட்சியமாகச் சொன்ன பதில் அல்ல. அய்யாவழியின் வரலாறே அந்தப் பதிலில் இருக்கிறது.

திருவிதாங்கூரில் நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே ஆண் துணி உடுத்தக் கூடாது. பெண் மார்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மேலே உள்ளவன் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும். இத்தனைக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றே ஒன்றுதான். இவர்கள் தொட்டால் தீட்டு. அந்தத் தீட்டு இவர்கள் எத்தனை முறை குளித்தாலும் போகாது. அதாவது, துவைத்தாலும் போகாத அழுக்கு என்று ஒரு மனிதக் கூட்டத்தின்மேல் முத்திரை குத்தியிருந்தார்கள்.

கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833-ல், அய்யா திருச்செந்தூர்க் கடலில் இருந்து வைகுண்டராக வந்தார். அவர் தம் மக்களிடம் பட்டுத் தலைப்பாகையோ பொன் கிரீடமோ செய்யச் சொல்லவில்லை. இடுப்பில் ஒடுங்கிக் கிடந்த அதே துண்டை எடுத்துத் தலையில் கட்டச் சொன்னார். இதை நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அடிமையின் அடையாளமாக எது இருந்ததோ அதே துணிதான் அரசனின் அடையாளமாக ஆனது. துணி மாறவில்லை. அது இருந்த இடம் மாறியது. கட்டியவனின் நெஞ்சு மாறியது. வேர்வை துடைத்த துணி தலையில் ஏறத் தகுதி இல்லாதது என்று அய்யா நினைத்திருந்தால், வேர்வை சிந்தியே வாழ்ந்த நம் முன்னோரும் தலை நிமிரத் தகுதி இல்லாதவர்கள் என்று ஆகிவிடும்.

சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அய்யா சிறைப்பட்டு, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைபட்டு, பிறகு விடுதலை பெற்று வந்ததை நாம் திரு ஏடு வாசிப்பில் கேட்கிறோம். அதற்குப் பிறகுதான் துவையல் தவசு. வாகைப்பதியில் கடற்கரையில் 700 குடும்பங்கள் கூடின. கடலில் குளித்தார்கள். உடுத்திய துணியைத் துவைத்தார்கள். ஒருவேளை சைவ உணவு உண்டார்கள். மீண்டும் குளித்தார்கள், மீண்டும் துவைத்தார்கள். அதற்குத் துவையல் என்றே பெயர் நின்றுவிட்டது. எத்தனையோ தவசுகள் உலகில் உண்டு. ஒற்றைக்காலில் நின்றவர் உண்டு, தீ நடுவில் இருந்தவர் உண்டு. துணி துவைப்பதே ஒரு தவசாக, அதுவும் குடும்பம் குடும்பமாகச் செய்தது நம் மக்கள்.

அதன் பொருளை எல்லோரும் அவரவர் அறிவுக்கு எட்டியபடி சொல்லலாம். எனக்கு எட்டியது இது. அழுக்கு என்பது படுவது, பிறப்பதல்ல. பட்டது எதுவோ அது கழுவினால் போகும். ஆகவே, எதைத் தொட்டால் அழுக்காகி விடுவோமோ என்று பயந்து ஒதுங்கி வாழ வேண்டியதில்லை. தொட வேண்டியதைத் தொடு; பிறகு துவை. தீட்டு என்பவன் விலகச் சொல்கிறான். துவையல் என்பது நெருங்கச் சொல்கிறது. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியினரும் ஒரே தண்ணீரில் குளித்ததும் இந்த நம்பிக்கையினால்தான்.

இங்கே ஒருவர் நியாயமாக ஒரு கேள்வி கேட்பார். அப்படியானால் பணிவிடைக்கு உரிய பாத்திரத்தை நாம் தனியே வைப்பதில்லையா? குளிக்காமல் பதிக்குள் போகிறோமா? அழுக்கு வேட்டியோடு அய்யா முன்னால் நிற்பது மரியாதையா?

மரியாதை இல்லைதான். சுத்தம் வேண்டும். தாங்கலில் பணிவிடை செய்கிறவர்கள் அதிகாலையில் எழுந்து குளித்து, துவைத்து உலர்ந்ததை உடுத்தி, விளக்கேற்றுகிற ஒழுங்கை நான் குறை சொல்லவில்லை. சுத்தத்துக்காக ஒதுக்கி வைப்பது வேறு, தீட்டுக்காக ஒதுக்கி வைப்பது வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். பிரித்து அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒதுக்கி வைத்த பொருளை ஒரு மனிதனின் அவசரத்துக்குக் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். துவைத்த பிறகு அது பழைய இடத்துக்குத் திரும்பி வரலாம் என்று மனம் ஒப்பினால், நாம் காத்தது சுத்தம். துவைத்த பிறகும் அது வரக் கூடாது என்று மனம் சுருங்கினால், நாம் காத்தது தீட்டு. அப்போது நம் முன்னோர்மேல் குத்திய முத்திரையை நாமே எடுத்து இன்னொருவர்மேல் குத்துகிறோம்.

1859-ல் திருவிதாங்கூர் அரசு நம் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவிப்புச் செய்தது. அய்யா வைகுண்டம் சென்று எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த அறிவிப்பிலும் ஒரு வால் இருந்தது. மறைத்துக்கொள்ளலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிகிற முறையில் அணியக் கூடாது. துணியைக் கொடுத்தார்கள், ஆனாலும் தனியே வைத்தார்கள். தனியே வைக்கிற ஆசை அவ்வளவு சீக்கிரம் மனிதரை விட்டுப் போகாது. அது பை அடியில் மடித்து வைத்த சலவைத் துவர்த்தாகவும் வரும். என்னிடம் அப்படித்தான் வந்தது.

இவ்வளவு யோசித்த பிறகு என் மனம் லேசானது என்று நினைத்தேன். வேர்வை, மண், எச்சில், இரத்தம் எல்லாம் துவைத்தால் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று தெளிந்தேன். ஆனால் அடுத்த வருடம் இன்னொன்று நடந்தது. துவைத்தாலும் போகாத அழுக்கு ஒன்று உண்டு என்று அப்போது தெரிந்தது.

எங்கள் தாங்கலில் இருந்து நடக்கிறவர்களுக்காகப் பத்து ஈரிழைத் துவர்த்து வாங்கிவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நெசவுக்குப் பேர்பெற்ற வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் நமக்குத் தூரம் இல்லை. இடையில் கடை வைத்திருப்பவரைவிட நெய்கிறவரிடமே நேரில் வாங்கினால் நல்லது என்று ஒரு நெசவாளர் வீட்டைத் தேடிப் போனேன். குழித்தறியில் வீட்டுக்காரர் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார். திண்ணையில் அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். விலை சொன்னார். நான் பேரம் பேசினேன். "மொத்தமா பத்து எடுக்கேன்லா அண்ணாச்சி, ஒண்ணுக்கு இருவது ரூவா கொறைங்க" என்றேன். அவர் தறியை நிறுத்தி மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா ராட்டையை நிறுத்தாமலே, "அய்யா கோயிலுக்குன்னு சொல்லுதாங்க, குடுத்திருங்க" என்றார்கள்.

இருநூறு ரூபாய் மிச்சம். தாங்கலில் பாராட்டினார்கள்.

அன்று இரவு ஒரு துவர்த்தைக் கஞ்சி போக ஊற வைத்தேன். புதுத் துவர்த்தை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் கசக்கினால்தான் பாவுக்குப் போட்ட கஞ்சி இறங்கும். அதன் பிறகுதான் ஈரம் இழுக்கும். மறுநாள் காலை அந்தக் கஞ்சித் தண்ணீரைக் கொட்டும்போது ஒரு கணக்கு மனதில் ஓடியது. நான் குறைத்த இருபது ரூபாய் எதில் குறைந்தது? நூல் ஆலையில் இருந்து வருகிறது. ஆலைக்காரன் எனக்காக நூல் விலையைக் குறைக்கவில்லை. சாயத்தில் குறையவில்லை. கஞ்சிக்கு அரிசி கொடுத்த கடையில் குறையவில்லை. அப்படியானால் குறையக் கூடியது ஒன்றே ஒன்றுதான். விடியும் முன்னே எழுந்து தெருவில் பாவு விரித்து, இழை இழையாகப் பார்த்து, அறுந்ததை முடிந்து, அச்சில் ஏற்றி, மிதி மிதித்து, நாடா ஓட்டி, தார் சுற்றிய இரண்டு பேரின் கூலி. வேறு எதிலும் கை வைக்க முடியாததால் அங்கே கை வைத்திருக்கிறேன். அந்த அக்கா சுற்றிய தாருக்குத் தனியாகக் கூலி என்று எந்த நாளும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

2019-20-ல் நடந்த நான்காவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகக் கண்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. பிறகு அவை 11 ஆகச் சுருங்கின. அந்தப் பதினொன்றில் துண்டும் ஒன்று. ஆனாலும் சட்டம் என்ன ஒதுக்கினாலும், வாங்குகிறவன் மனதில் கூலிக்கு இடம் ஒதுக்காவிட்டால் தறிக்குழி காலியாகத்தான் போகும்.

அய்யாவின் காலத்தில் நம் முன்னோரைப் பிடித்துக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள், கூலி கொடுக்கவில்லை. அதற்கு ஊழியம் என்று பெயர். பனை ஏறுகிறவனுக்கு வரி, தலைக்கு வரி, அதற்கு மேல் ஊழியம். அய்யா அதை எதிர்த்தார். அந்த அநீதியைக் கலியின் வேலை என்று நமக்குக் காட்டினார். ஊழியம் வாங்கியவர்களும் கோயிலுக்கு என்று சொல்லித்தான் பல வேளை வாங்கினார்கள். நானும் அய்யா கோயிலுக்கு என்று சொல்லித்தான் இருபது ரூபாயைப் பிடுங்கினேன். அரசன் செய்தால் அது கலி, நான் செய்தால் அது சாமர்த்தியமா? அளவு சின்னது என்பதால் பெயர் மாறிவிடாது.

இந்த அழுக்கைக் கல்லில் அடித்தாலும் போகாது. கடலில் அலசினாலும் போகாது. ஏனென்றால் இது துணியின் மேலே பட்டதல்ல, உள்ளே நெய்யப்பட்டது. பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் இன்னொருவரின் குறைந்த கூலி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தலையில் கட்டிக்கொண்டு நான் மானம் பெற்றவன் என்று கண்ணாடி முன்னால் நிற்க முடியாது. மானம் என்பது நமக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவன் இன்னொருவருக்கு மறுத்து அதை அடைய முடியாது. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதே தர்மம் என்று அய்யா காட்டிய வழி, தாழ்ந்து கிடப்பவர் யார் என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்கச் சொல்கிறது. அவர் புளியமரத்தடியில் கிடக்கலாம். தறிக்குழியில் உட்கார்ந்தும் இருக்கலாம்.

ஆனால் போகாத அழுக்கு என்று சொல்லி நிறுத்தினால், நானும் தீட்டுக்காரனாகி விடுவேன். இதற்கும் ஒரு துவையல் உண்டு. தண்ணீரால் அல்ல, திருப்பிக் கொடுப்பதால். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். இருநூறு ரூபாயையும் கொடுத்தேன். அண்ணாச்சி முதலில் வாங்கவில்லை. "கோயிலுக்குக் குடுத்தது, இருக்கட்டும்" என்றார். "நீங்க கோயிலுக்குக் குடுக்கல அண்ணாச்சி, நான் கேட்டு வாங்கிட்டேன். ரெண்டும் ஒண்ணில்லல்லா" என்றேன். அவர் சிரித்தார். அந்த அக்கா வந்து பணத்தை வாங்கிக்கொண்டு, "உள்ள வந்து காப்பி குடிங்க" என்றார்கள். குடித்தேன். அவர்கள் மனமாரத் தர்மம் கொடுக்க நினைத்தால் அது அவர்கள் உரிமை. அதை நாம் பேரத்தால் பறித்துத் தர்மக் கணக்கில் எழுதக் கூடாது.

இந்த இரண்டு அனுபவத்துக்கும் பிறகு எங்கள் தாங்கலில் சிலர் சேர்ந்து ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் ஒத்துவந்தால் செய்து பாருங்கள்.

பாத நடைக்குத் துவர்த்து வாங்கும்போது கைத்தறியாகப் பார்த்து வாங்குகிறோம். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம், இல்லையென்றால் நெய்கிற வீட்டிலேயே வாங்குகிறோம். நெய்தவர் சொன்ன விலைக்கு வாங்குகிறோம். பத்துக்குப் பணம் இல்லையென்றால் ஏழு வாங்குகிறோம். விலையைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. ஒரு நல்ல ஈரிழை, கசக்கிப் பிழிந்து வெயிலில் போட்டால், வருடக்கணக்கில் உழைக்கும். துவைக்கத் துவைக்க மெதுவாகும். அதற்குக் காரமான வெளுப்புப் பொடி வேண்டாம், நூலைத் தின்றுவிடும்.

இரண்டு துவர்த்து எடுத்துக்கொள்கிறோம். ஒன்று தலைக்கு. இன்னொன்று பதிக்கு என்று அல்ல. வழியில் யாருக்குத் தேவையோ அவருக்கு. அது திரும்பி வந்தால் துவைத்துக்கொள்கிறோம். திரும்பி வராவிட்டால் அது போன இடம் நல்ல இடம் என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே தேவைப்பட்டால் இரண்டும் போகட்டும். தாங்கலில் யாராவது ஒருவர் தன் துவர்த்தில் பாதியைக் கிழித்தாவது நம் தலையில் கட்டிவிடுவார். அப்படி ஒருவர் கட்டிவிட்ட கிழிசல் தலைப்பாகையை அய்யா குறைவாக நினைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் தங்கச்சி மகன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். மாசிக்கு வந்துவிடுவான். அந்தத் துவர்த்து இன்னும் அவனிடம் இருக்கிறது. கரை மங்கி, நூல் மெலிந்து, ஒரு ஓரத்தில் லேசாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பெரியவர் யார் என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. துவர்த்தில் அதன் கறை எங்கே இருந்தது என்றும் தெரியாது. அது போய்விட்டது. அவன் சொன்னது சரிதான்.

அன்புக்கொடி மக்களே, இந்த மாசிக்குப் பையைக் கட்டும்போது துவர்த்தை மடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள். இதை நெய்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோமா? வழியில் விழுந்தவருக்கு இதைக் கொடுக்க மனம் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால், அது எவ்வளவு பழையதானாலும் தலையில் கட்டுங்கள். நிமிர்ந்து கட்டுங்கள்.

அய்யா துணை.

அய்யா உண்டு.